மால்டாவில் படியே கிடையாது என்று சொன்னவன்

ஐரோப்பாவை விற்றுச் சம்பளம் வாங்க ஆரம்பித்தபோது நான் செங்கற்பட்டைத் தாண்டிப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பயணத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், "நாமே போகாத ஊருக்கு மத்தவங்கள எப்படி சார் அனுப்பறது?" என்று கவலைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். கவலையே வேண்டாம். பார்க்காத ஊரை விற்பது மிகவும் சுலபம். பார்த்ததில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். முதலாவதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. இரண்டாவதை என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகச் செய்தேன். அதுவும் ஒரு டீக்கடைக்காரர் வழிமறித்ததால்.

அறுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த நிறுவனம் தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரே அறை. நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி, இந்தப் பக்கம் நான். செப்டம்பரில் வேளாங்கண்ணி பஸ், ஞாயிறுதோறும் காஞ்சிபுரம்–மகாபலிபுரம் ஒருநாள் சுற்றுலா, எப்போதாவது சிங்கப்பூருக்குக் கப்பல் டிக்கெட். இதுதான் தொழில். முதலாளிக்கு இது போதவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலா என்று போர்டில் எழுதிவிட்டார். எழுதியாகிவிட்டது என்பதால் யாராவது அதைச் செய்ய வேண்டியிருந்தது. யாராவது என்றால் நான்.

சென்னையில் ஒரு விமானக் கம்பெனியின் அலுவலகத்தில் அலமாரியைக் காலி செய்தபோது, ஐரோப்பிய நாடுகளின் விளம்பரப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். பிரான்ஸ் தலையணை கனம். இத்தாலி அதைவிட. மால்டா எட்டே பக்கம். உழைப்பாளியான நான் மால்டாவைத் தேர்ந்தெடுத்தேன்.

செம்பாக்கத்தில் இருந்த என் வாடகை அறையில் அந்த எட்டுப் பக்கத்தையும் மனப்பாடம் செய்தேன். மத்தியதரைக்கடலில் ஒரு பொட்டுத் தீவு. வலேட்டா என்று கோட்டைச் சுவருக்குள் ஒரு தலைநகரம். தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள் பதித்த ஒரு பெரிய தேவாலயம். மோஸ்டா என்ற ஊரில் ஒரு மாதாகோயில். உலகப் போர்க் காலத்தில் அதன் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்த குண்டு, உள்ளே ஜனங்கள் இருந்தும் வெடிக்கவில்லையாம். ம்டினா என்று, சத்தமே இல்லாத பழைய மதில் ஊர். படகில் போய்ப் பார்க்கும் நீலக் குகை. தென்கரையில் யார் கட்டினார்கள் என்றே தெரியாத கற்கோயில்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய கடற்கரையும், அவர் தங்கியதாகச் சொல்லும் பாறைக் குகையும். தாம்பரத்தில் இதற்கு எத்தனை கிராக்கி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிழக்குப் பக்கம் தெருவுக்கு நாலு டீச்சர் குடும்பம், எல்லார் வீட்டிலும் வேதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பவுல் பயணம் செய்த வழி வரைபடமாக இருந்த காலம்.

அடுத்ததாக நான் செய்ததுதான் என் கண்டுபிடிப்பு. வரைபடத்தின் மேல் நூலைப் பிடித்து அளந்தேன். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தாம்பரத்தில் ரயிலேறினால் செங்கற்பட்டு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது! வலேட்டாவைத் தாம்பரம் என்று வைத்துக்கொண்டேன். மோஸ்டா, வண்டலூர் தாண்டிக் கொஞ்ச தூரம். ம்டினாவும் பக்கத்திலுள்ள பவுல் குகையும் கூடுவாஞ்சேரி. கூடுவாஞ்சேரிக்குப் போக ஒரு நாளா ஆகும்? காஞ்சிபுரத்தில் ஆறு கோயில் காட்டி, மகாபலிபுரத்தில் கடலையும் காட்டி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் கொண்டுவிடுகிறவன் நான். 'மால்டா: ஒரே நாளில் ஒன்பது இடம்' என்று போர்டு எழுதி வாசலில் தொங்கவிட்டோம். முதலாளி முதன்முறையாக எனக்குத் தன் காசில் டீ சொன்னார்.

அந்த டீயைக் கொண்டுவந்தவர் கோதண்டம். எங்கள் சுவரை ஒட்டிக் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் வருவார். நான் வாடிக்கையாளர்களுக்கு மால்டாவை விளக்கும்போதெல்லாம் டம்ளரை வைத்துவிட்டு, ஒரு பக்கம் உதட்டைச் சுழித்துக்கொண்டு நிற்பார். என் பேச்சில் மயங்கி நிற்கிறார் என்று நினைத்தேன்.

மயங்கத் தக்க பேச்சுதான் அது. முதல் மாதம், "புத்தகத்துல போட்டிருக்கு" என்று சொன்னேன். மூன்றாம் மாதம், "போய்வந்தவங்க சொல்றாங்க" என்றேன். ஒரு வருடத்துக்குள், "அந்தக் கோட்டைச் சுவர்மேல சாயங்காலம் நின்னா காத்து ஆளைத் தள்ளும் பாருங்க" என்று சொல்லி, என் முடியை நானே ஒதுக்கிவிட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன். அப்போது எனக்கு முடி இருந்தது.

இப்படிப் பேசிப் பேசி நான் பிடித்தவர்கள்தான் ஜேக்கப் சாரும் கிளாடிஸ் டீச்சரும். சேலையூரில் வீடு. சார் ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். டீச்சர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர். இங்கிலாந்தில் இருந்த மகன் இருவரையும் வரவழைத்திருந்தான். போகிற வழியில் ரோம். அங்கிருந்து ஒரே நாள் மால்டா. மற்றதெல்லாம் சாருக்கும் மகனுக்கும். மால்டா மட்டும் டீச்சர் கேட்டது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பணத்துக்கு அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. ஒருமுறை போனால் போனதுதான். சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக உறுதிசெய்ய ஒரு புதன்கிழமை மதியம் வந்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து டீச்சர் இறங்குவதற்குள் நான் ஒரு படிவத்தையே பூர்த்தி செய்துவிட்டேன். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போய்விட்டிருந்தது. சாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்து வந்தார்.

உட்கார்ந்ததும் சார் கேட்டார். "தம்பி, ஒண்ணே ஒண்ணுதான். இவளுக்கு மேடு பள்ளம் ஆகாது. மத்த எடம் எல்லாம் நான் பாத்துக்கறேன். அந்த மால்டால படிகிடி ஏற வேண்டியிருக்குமா?"

எட்டுப் பக்கத்திலும் படியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படங்களில் வானமும் கடலும் கோபுரமும்தான். வரைபடத்தில் தீவு தோசை மாதிரி தட்டையாக இருந்தது.

"படியே கிடையாது சார்," என்றேன். "நாங்க போனப்போ வாசல் வரைக்கும் வண்டியே போச்சு."

டீச்சர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அந்தக் குகைக்குமா?"

"குகைக்கும் டீச்சர். நேரா உள்ள நடந்து போய்ட்டு வந்துடலாம்."

கோதண்டம் மூன்று டீயை வைத்தார். போகாமல் நின்றார். நான் பார்த்த பிறகுதான் போனார்.

கையெழுத்து ஆனது. ஐந்து மணிக்குள் தந்தி போகாவிட்டால் ரோமிலிருந்து மால்டாவுக்கு நிறுத்திவைத்திருந்த இரண்டு சீட்டும் போய்விடும். எழுதிய தந்திப் படிவத்தை எடுத்துக்கொண்டு, "இருங்க சார், அடிச்சிட்டு வந்துடறேன்" என்று வெளியே வந்தேன். மணி நாலரை. கோதண்டம் கடையை விட்டு இறங்கி வந்து குறுக்கே நின்றார்.

"சார், ஒரு நிமிசம்."

"டீ காசு சாயங்காலம் தரேண்ணே."

"டீக்கு இல்ல சார். அந்தம்மாவாண்ட படியே கெடையாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. நீ நெஜமாவே போனியா அந்த ஊருக்கு?"

"ஏன்?"

"நான் போயிகீறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளக்காரன் கப்பல்ல சமையக்கட்டு வேலை சார் நமக்கு. சண்ட முடிஞ்சப்புறம் கப்பல ரிப்பேருக்கு அங்க வுட்டுட்டான். ரெண்டு மாசம். தெனம் மார்க்கெட்டுக்குப் போயி வெங்காயம், உருளக்கெழங்கு மூட்டைய நாந்தான் தூக்கியாரணும். அந்த வலேட்டாவுல தெருவே படிதான் சார். தெருல படி இல்ல, தெருவே படி! கீழேந்து பாத்தா வானத்துக்குப் போவுது. தேஞ்ச கல்லு வேற. ரெண்டு மாசத்துல முட்டி கழண்டு பூட்ச்சி எனக்கு. அப்ப எனுக்கு இருவது வயசு."

"குகை?"

"உள்ள எறங்கணும். கூட்டாளி ஒருத்தன் எறங்கிட்டு மூச்சு வாங்கிக்கினு வந்தான். நான் மேலயே நின்னு நாஸ்டா துன்னுகினு இருந்தேன்."

"இத்தனை நாளா ஏண்ணே சொல்லல?"

"நீ சொல்றது நல்லாருந்துச்சி சார். நான் பாத்த ஊரவிட ஷோக்கா இருந்துச்சி. ஆனா அந்தம்மா காலப் பாத்தேன். பேஜாராப் பூட்ச்சி."

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் மனம் வேகமாக வேலை செய்யும் என்பார்கள். உண்மைதான். எதற்காக வேலை செய்யும் என்பதைத்தான் சொல்வதில்லை. கோதண்டம் கடையிலிருந்து தந்தி ஆபீசுக்கு நூறு தப்படி இருக்கும். அதில் நாற்பது தப்படி நடந்தேன். அதற்குள் என் மனம் எடுத்துக்கொடுத்த காரணங்கள் இவை: கோதண்டம் பார்த்தது இருபது வருடத்துக்கு முன்னால், இதற்குள் எல்லாப் படியையும் இடித்திருப்பார்கள். அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள், நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவார்கள். டீச்சருக்கு அதற்குள் கால் சரியாகிவிடும். பவுலே வழிகாட்டுவார். அதாவது, நான் சொன்ன பொய்யை நிமிர்த்த ஓர் அப்போஸ்தலரையே வேலைக்கு அமர்த்திவிட்டேன்.

நாற்பத்தோராவது தப்படியில் நின்றதற்கு என் நல்ல குணம் காரணமில்லை. ஒரு படம் தெரிந்தது. முப்பது வருடம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய ஓர் இடத்தின் வாசல் வரை போய், உள்ளே எட்டிப் பார்த்து, படியைக் கண்டு திரும்புகிற ஓர் அம்மாள். அவர் அங்கே நிற்கும்போது கட்டாயம் என்னை நினைப்பார். அந்த நினைப்பில் நான் இருக்க விரும்பவில்லை. இது சுயநலம்தான். ஆனால் நியாயமான வேலைகள் பலவற்றைச் சுயநலம்தான் செய்து முடித்திருக்கிறது என்பது என் அனுபவம்.

திரும்பி நடந்தேன். கோதண்டத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், டீச்சர், ஒரு விஷயம். நான் மால்டாவுக்குப் போனதில்ல. செங்கல்பட்டுக்கு அந்தப்பக்கமே போனதில்ல. இவர் போயிருக்கார். படி இருக்காம். ஏகப்பட்டது இருக்காம்."

தடுப்புக்கு மேலே முதலாளியின் தலை எழுந்தது. "யோவ், நீ போகலன்னு எனக்குத் தெரியும்யா. அதைக் கஸ்டமர்கிட்ட எதுக்குய்யா சொல்றே?"

ஜேக்கப் சார் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "என்னய்யா வெளையாடறீங்களா? காத்து தள்ளும்னியே? முடியெல்லாம் ஒதுக்கிக் காட்டினியே?"

"அது இங்க ஃபேன் காத்து சார்."

அந்த நேரத்தில் அது சிரிப்பு வரவழைக்கச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது. அறைந்திருப்பார், டீச்சர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடுங்க. நானும் முப்பது வருஷம் நைல் நதியப் பத்திப் பாடம் எடுத்தேன். மெட்ராஸ விட்டுப் போனதில்ல. ஒரு பிள்ளையாவது, டீச்சர் நீங்க பாத்திருக்கீங்களான்னு கேக்கல. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ." பிறகு கோதண்டத்தைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க. மொதல்லேந்து சொல்லுங்க."

கோதண்டம் வாழ்நாளில் முதன்முறையாக எங்கள் அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் வகுப்பு எடுத்த பழக்கத்தில் கேள்வி கேட்டார். படி எத்தனை உயரம்? கோதண்டம் தன் காலில் கையை வைத்து அளவு காட்டினார். ஒரே நீளமா, நடுவில் நிற்க இடம் உண்டா? கார் எதுவரை போகும்? பவுல் கரையேறிய கடலுக்குப் போக இறங்க வேண்டுமா?

"அதுக்கு வாணாம் டீச்சர். ரோட்லயே நின்னு பாக்கலாம். கடலுக்குள்ள சின்னதா ஒரு தீவு கீது, அதுமேல அவரு செல வெச்சிருக்கான்."

என் பட்டியலை வாங்கிப் பார்த்த கோதண்டம், குகைக்கு எதிரே ஒன்றேகால் மணி என்று இருந்ததைச் சுட்டிக்காட்டிக் கேட்டார். "இன்னா சார் இது? குகைக்கு மேல கீற கோயில மதியானத்துல சாத்திடுவானே. நம்ம கோயிலு மாதிரிதான். நாலு மணிக்கு மேலதான் தொறப்பான்."

ஞாயிறுதோறும் காஞ்சிபுரத்தில், "நடை சாத்திடுவாங்க, ஓடுங்க ஓடுங்க" என்று நாற்பது பேரை விரட்டியவன் நான். அந்த ஊர் சாமிக்கும் மதியத் தூக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணி நாலே முக்கால். பென்சிலை எடுத்து ஒன்பது இடத்தில் ஒவ்வொன்றாக அடித்தேன். தென்கரைக் கற்கோயில் போச்சு. நீலக் குகை போச்சு. படகில் ஏறி இறங்குவதாவது! ஏழு இடங்கள் போயின. முதலாளி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். "ரெண்டு எடத்துக்கு எவன்யா அவ்ளோ தூரம் போவான்?" என்றார்.

"நாங்க போறோம்," என்றார் டீச்சர்.

மிச்சம் கடலும் பவுல் குகையும். எனக்கு அப்போது திருந்திய உற்சாகம். உண்மை சொல்லிவிட்டவனுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுமே, அது. "குகையும் வேண்டாம் டீச்சர். கடலே போதும். அவர் வந்து எறங்கின எடமே அதுதானே," என்று சொல்லி, குகையின் மேலும் பென்சிலை வைத்தேன்.

டீச்சர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார். பரீட்சையில் காப்பி அடித்தவனிடமிருந்து வாங்குவது போலத்தான்.

"அதை அடிக்காதீங்க," என்றார். "பக்கத்துல 'படி உண்டு'ன்னு மட்டும் எழுதுங்க. எறங்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். ஓடினேன். தந்தி ஆபீசின் கவுண்டர் பலகையை இறக்கிக்கொண்டிருந்தவரின் கைக்கும் பலகைக்கும் நடுவில் படிவத்தை நுழைத்தேன். அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே தரவில்லை, தந்தியைவிட நீளம்.

அவர்கள் கிளம்ப இரண்டு மாதம் இருந்தது. அதற்கிடையில் ஒரு நாள் காலை, ஸ்டேஷனில் கிழக்கிலிருந்து மேற்கே வரும் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து போனது. நடுவில் கிளாடிஸ் டீச்சர். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை சாரின் தோளில். ஒரு படி, நிற்கிறார். இன்னொரு படி, நிற்கிறார். பின்னால் வந்த ஒருவர், "ஏம்மா, டிரெயினுக்கு நேரமாவுதில்ல!" என்று கத்தினார். டீச்சர் திரும்பாமலே, "நான் டிரெயினுக்குப் போகலப்பா, நீ போ" என்றார்.

"எந்தப் பக்கம் டீச்சர் போறீங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கமும் இல்ல. ஏறி எறங்கறேன். மொத வாரம் ஏழு படி. இப்போ பாதி வந்துட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். கோபம் முழுக்கப் போயிருக்கவில்லை. "தினம் காலைல இழுத்துக்கிட்டு வர்றா. உங்க புண்ணியம்," என்றார்.

நான் சாரின் இன்னொரு பக்கம் சேர்ந்து நடந்தேன். என் இரண்டு முழங்காலும் நன்றாக இருந்த வயதில் ஒரு மேம்பாலத்தை ஏறிக் கடக்க எனக்கு இருபது நிமிடம் ஆன ஒரே நாள் அது. ஆபீசுக்குத் தாமதம். முதலாளி திட்டினார். 'ஒன்பது இடம்' போர்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு இன்னும் அதிகமாகத் திட்டினார்.

ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவர்கள் திரும்ப ஆறு மாதம் ஆனது. அதற்கு முன்பே என் பெயருக்கு ஒரு படத் தபால் வந்தது. முன்பக்கம் கடல், சின்னத் தீவு, அதன் மேல் சிலை. பின்பக்கம், கரும்பலகையில் எழுதுவது போல உருண்டையான கையெழுத்து. கோதண்டத்தையும் கூப்பிட்டு நிறுத்தி, சத்தமாக வாசித்தேன்.

"இறங்கினேன். ஏறினேன். முப்பத்தைந்து நிமிடம். கீழே உட்கார இடம் இல்லை, ஆகவே வயதானவர்கள் சிறு முக்காலி கொண்டு போவது நல்லது. அடுத்து வருகிறவர்களுக்காகக் குறித்துக்கொள்ளவும்."

கோதண்டம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "குறிச்சிக்க சார்," என்றார்.

மால்டா கோப்பை எடுத்துப் பிரித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக நான் நிரப்பிவைத்திருந்த அந்தக் கோப்பில், நான் அனுப்பி அங்கே போய்வந்த ஒருவர் சொன்ன முதல் தகவலாக, முக்காலி என்று எழுதினேன்.